சிறு படகில் மின்சார விண்ட்லாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொல்கொட வாவி, நீர்கொழும்புக் களப்பு, டிக்கோவிட்ட, முகத்துவாரம் என்று கொழும்பைச் சுற்றி ஓடும் 18 முதல் 32 அடி வரையான பைபர் படகுகளில் மின்சார விண்ட்லாஸ் (நங்கூரம் தூக்கும் இயந்திரம்) பூட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகள் எல்லாம் 12 வோல்ற் படகுக்கானவை. முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தொங்குகிற சங்கிலியையும் நங்கூரத்தையும் தூக்கத்தான் விண்ட்லாஸ். படகை இழுக்கவும் படகைப் பிடித்து நிறுத்தவும் அதைச் செய்யவில்லை. கீழே வரும் பழுதுகளில் பாதி இதை மறந்ததால் வருபவை. மீதிப் பாதி மெல்லிய வயரால்.

என் படகுக்கு விண்ட்லாஸ் உண்மையில் தேவையா?

பொல்கொடவில் மட்டும் ஓடும் 20 அடிப் படகு, 6 கிலோ நங்கூரம், நாலைந்து மீற்றர் சங்கிலி, மிச்சம் கயிறு என்றால் தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல நங்கூரம் வாங்கலாம். 10 கிலோ நங்கூரத்தை 10 மீற்றர் ஆழத்தில் 8 மி.மீ. சங்கிலியோடு போடுகிறீர்கள் என்றால், அது நிலத்தை விட்டு எழும் நேரத்தில் கையில் 24 கிலோ தொங்கும். அலையில் ஆடும் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) நின்று ஒரு நாளில் பல தடவை அதைத் தூக்குவது முதுகுக்கு ஆகாது. தனியாக ஓடுகிறவருக்கு ஆபத்தும் கூட. அந்த இடத்தில் விண்ட்லாஸ் நியாயமான செலவு.

அணியத் தட்டின் பலத்தையும் பாருங்கள். தட்டினால் டொக்கென்று வெறுமையாகக் கேட்கும் மெல்லிய பைபர் தட்டு என்றால், அடியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் அல்லது 5 மி.மீ. அலுமினியத் தகடு வைத்து, போல்ற் எல்லாம் அதற்குள்ளால் போக வேண்டும். வாஷரை மட்டும் நம்பிப் பூட்டினால் போல்ற் துளையைச் சுற்றி வெடிப்பு விழும்.

எத்தனை வாட் வாங்குவது?

வாட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் எடையைக் கூட்டுங்கள். 10 கிலோ நங்கூரம், 8 மி.மீ. சங்கிலி 30 மீற்றர் (மீற்றருக்குச் சுமார் 1.4 கிலோ, மொத்தம் 42 கிலோ), 14 மி.மீ. நைலோன் கயிறு 30 மீற்றர் (ஏறக்குறைய 4 கிலோ). எல்லாம் 56 கிலோ. விண்ட்லாஸின் உச்ச இழுவிசை இதைப் போல மூன்று மடங்காவது, முடிந்தால் நான்கு மடங்கு இருக்க வேண்டும். இங்கே 168 முதல் 224 கிலோ வரை. 500 முதல் 700 வாட் வகையில் இது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச இழுவிசை. தொடர்ந்து தூக்கக்கூடிய வேலைச் சுமை சிறிய எழுத்தில், அதில் மூன்றில் ஒன்றளவில் இருக்கும். இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

நிலைக்குத்தா, கிடையா?

நிலைக்குத்து வகையில் மோட்டார் தட்டுக்குக் கீழே இருக்கும், சங்கிலி சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றிப் பிடிக்கும், நழுவுவது குறைவு. ஆனால் சங்கிலிப் பெட்டி ஆழமாக இருக்க வேண்டும். கிடை வகை தட்டுக்கு மேலேயே முழுதாக நிற்கும். பூட்டுவது சுலபம், சங்கிலி கால்சுற்றுத்தான் பிடிக்கும். சின்ன அணியமுள்ள படகுக்குக் கிடை வகையே பொருந்தி வருகிறது.

பழைய சோனகத் தெருவில் கிலோ கணக்கில் விற்கும் சங்கிலியைப் போடலாமா?

அளந்து பார்க்காமல் போடக்கூடாது. ஜிப்ஸி என்று சொல்லும் சங்கிலிச் சக்கரத்தில் ஒவ்வொரு வளையமும் உட்கார ஒரு குழி உண்டு. வளையத்தின் நீளம் அரை மில்லிமீற்றர் மாறினாலும் சில வளையங்கள் தாண்டுவதற்குள் குழிக்கும் வளையத்துக்கும் ஒத்துவராது. அப்போது டக் டக்கென்று குதிக்கும். சுமை ஏறும் நேரம் பார்த்துச் சங்கிலி துள்ளி வெளியே ஓடும். இரும்புக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாரம் கட்டுவதற்கான பொதுச் சங்கிலி. அதில் வளையங்கள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலம் போதும், அளவுதான் போதாது.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு அடிமட்டம் கொண்டு போங்கள். சங்கிலியை இழுத்துப் பிடித்து, பத்து வளையங்களை முதல் வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து பத்தாவதன் வெளி விளிம்புவரை அளவுங்கள். விண்ட்லாஸுக்கான 8 மி.மீ. சங்கிலியில் உள்நீளம் வளையத்துக்கு 24 மி.மீ.; ஆகவே பத்துக்கு 240, இரு முனைத் தடிப்பும் சேர 256 மி.மீ. வர வேண்டும். மூன்று வேறு இடங்களில் அளந்து மூன்றும் ஒத்துவந்தால் எடுக்கலாம். 10 மி.மீ. சங்கிலியில் கூடுதல் கவனம் தேவை: டின் 766 தரத்தில் பத்து வளையம் 300 மி.மீ., ஐ.எஸ்.ஓ. 4565 தரத்தில் 320 மி.மீ. இரண்டும் "பத்து மில்லி" என்றே விற்கப்படும், ஒன்றின் சக்கரத்தில் மற்றது ஓடாது. உங்கள் ஜிப்ஸியில் எந்தத் தரம் என்று பொறித்திருக்கும் அல்லது கையேட்டில் இருக்கும்.

துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி பார்க்க அழகு. நாகம் பூசிய சங்கிலியே எங்கள் தெரிவு: விலை குறைவு, தேய்ந்தால் துரு கண்ணுக்குத் தெரியும். எஃகில் வெப்பக் கடல்நீர் தரும் குழி அரிப்பு வளையங்கள் தொடும் இடத்தில் ஒளிந்திருக்கும். 8 மி.மீ. வளையம் தேய்ந்து 7.2க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

சங்கிலியும் கயிறும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், ஜிப்ஸி இரண்டுக்கும் பொருந்தியதாக இருந்தால். 8 மி.மீ. சங்கிலிச் சக்கரத்துக்குப் பொதுவாக 12 அல்லது 14 மி.மீ. எட்டுப் புரி நைலோன் கயிறு. இணைப்பு ஷாக்கிளாலோ (U வடிவ இரும்புக் கொளுவி) முடிச்சாலோ இருந்தால் சக்கரத்தில் சிக்கும். கயிற்றின் புரிகளைக் கடைசி வளையத்துக்குள் விட்டுப் பின்னித்தான் இணைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பின்னலை வெட்டிப் புதிதாகப் பின்னுங்கள், துரு பட்டு முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான்.

கடையில் "நைலோன் கயிறு" என்று நீலத்திலும் பச்சையிலும் தருவது பல நேரம் நைலோன் அல்ல. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பொலிபுரொப்பிலீன் அல்லது பொலித்தீன் கயிறு. நைலோன் தாழும். மிதக்கும் கயிறு சக்கரத்தில் வழுக்கும், இழுபடாது, மற்றப் படகின் புரொப்பெல்லரிலும் சுற்றும்.

எந்தத் தடிப்பு வயர்? கார் வயர் போதாதா?

700 வாட் மோட்டார் 12 வோல்றில் 58 அம்பியர் எடுக்கும் என்று கணக்குச் சொல்லும். பாரம் ஏறும்போது 80, 100 வரை போகும். 28 அடிப் படகில் பற்றரி பின்னால், விண்ட்லாஸ் முன்னால். வயர் போகும் வழி 8 மீற்றர் என்றால் போய்வர 16 மீற்றர். 80 அம்பியரில் 16 சதுர மி.மீ. செப்பு வயர் 1.4 வோல்றைத் தின்றுவிடும். 25 சதுர மி.மீ. 0.9 வோல்ற், 35 சதுர மி.மீ. 0.64 வோல்ற். 10 சதவீத இழப்பு, அதாவது 1.2 வோல்ற், எல்லை. ஆகவே இந்தப் படகுக்கு 25 கட்டாயம், 35 நல்லது. வோல்ற் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் அதே சங்கிலியை ஏற்றக் கூடுதல் நேரம் ஓட வேண்டும். வயர் இன்னும் சூடாகும். வயரில் மிச்சம் பிடித்த காசு கடைசியில் மோட்டார் சுருளில் எரிகிறது.

பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் வாகன வயரும் வெல்டிங் கேபிளும் தடிப்பில் சரியாக இருக்கலாம். ஆனால் வெள்ளீயம் பூசாத செம்பு. உப்புக்காற்று இழைகளுக்கிடையே ஏறி, உறைக்குள்ளேயே ஒரு முழம் நீளத்துக்குக் கறுத்துவிடும். வெள்ளீயம் பூசிய மரைன் கேபிள்தான் வாங்குங்கள். வயர் முனையில் பூட்டும் கொக்கியை ஹைட்ரோலிக் கருவியால் நசுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். குறட்டால் நசுக்கிய கொக்கி இந்த மின்னோட்டத்துக்குத் தாங்காது.

பிரேக்கர் பிளஸ் வயரில், பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அளவு தயாரிப்பாளரின் தாளில் உள்ளபடி. அந்த அளவை வயரும் தாங்க வேண்டும். வெப்பத்தால் விழும் வகை என்பதால் எஞ்சின் பெட்டிக்குள்ளோ நேர் வெயிலிலோ வைத்தால் காரணமில்லாமல் விழும். சொலனொயிட் பெட்டியை (சுவிச்சை அழுத்தும்போது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெட்டி) சங்கிலிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அங்கே எப்போதும் ஈரம்.

அணியத்தில் தனிப் பற்றரி வைத்தால் நீள வயர் வேண்டாமே?

வேண்டாம்தான். ஆனால் அந்தப் பற்றரியைச் சார்ஜ் செய்ய இன்னொரு வயர், பிரிப்பான், வெயிலில் வேகும் பெட்டி, அலையில் குத்தும் அணியத்தில் 20 கிலோ எடை. 30 அடிக்குக் குறைந்த படகில் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

பற்றரி வடிந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. 30 மீற்றரை நிமிடத்துக்கு 20 மீற்றர் வேகத்தில் ஏற்ற ஒன்றரை நிமிடம். 80 அம்பியரில் அது வெறும் 2 அம்பியர்-மணி. பிரச்சினை கொள்ளளவில் இல்லை, அந்த ஒன்றரை நிமிடமும் வோல்ற் விழாமல் நிற்பதில்தான். அதனால்தான் எஞ்சின் ஓடும்போது விண்ட்லாஸை இயக்கச் சொல்வது. ஒரு குறிப்பு: கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்ட் பலவற்றில் சார்ஜ் சுருளே கிடையாது. உங்களுடையதில் உண்டா என்று வாங்குமுன் பாருங்கள்.

நங்கூரம் போடும் முறை?

ஆழமானியைப் பாருங்கள், அதோடு அணியத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். 5 மீற்றர் ஆழம், 1 மீற்றர் அணியம் என்றால் 6. முழுச் சங்கிலியில் அதைப் போல ஐந்து மடங்கு, 30 மீற்றர் விடுங்கள். கயிறு அதிகம் என்றால் ஏழு மடங்கு. கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அதற்கென்று பெரிதாகக் கூட்ட வேண்டியதில்லை; கச்சானோ (மேல்காற்று) சோழகமோ (தென்மேற்குப் பருவக்காற்று) எழும்பும் அறிகுறி இருந்தால் கூட்டுங்கள்.

காற்றுக்கு எதிராக வந்து படகை நிறுத்துங்கள். நங்கூரத்தைக் கட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிற்றை அவிழ்த்து, சுவிச்சால் மெதுவாக இறக்குங்கள். நங்கூரம் நிலம் தொட்டதும் படகு பின்வாங்கத் தொடங்க வேண்டும். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து கொழுவிக்கொள்ளும். அவசரத்துக்கு, ஜிப்ஸியை மோட்டாரோடு இணைக்கும் கிளட்சைத் தளர்த்திச் சங்கிலியைத் தானாக ஓட விடலாம். அப்போது காலும் கையும் சங்கிலிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். 5 மீற்றருக்கு ஒரு நிறம் பூசியிருந்தால் எவ்வளவு போனது என்று எண்ணத் தேவையில்லை.

கடைசியில் ஸ்னபர் கயிற்றை (உதறலைத் தாங்கும் கயிறு, விளக்கம் அடுத்த கேள்வியில்) சங்கிலியில் கொழுவி, சுமையை அதற்கு மாற்றிவிட்டு, பிறகுதான் ரிவர்ஸ் போட்டு நங்கூரம் பிடித்ததா என்று பார்க்க வேண்டும்.

துறைமுக நுழைவு வழியிலும், வரைபடத்தில் கடலடிக் கேபிள் குறித்த இடத்திலும் போடாதீர்கள். கொழும்புக் கரைக்கு வரும் கேபிள்கள் பல. இரவில் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, பகலில் அணியத்தில் கறுப்புப் பந்து. 7 மீற்றருக்குக் குறைந்த படகுக்கு, ஒடுங்கிய வழி, கப்பல் பாதை, நங்கூரத்துறை, மற்றக் கலங்கள் வழக்கமாக ஓடும் இடம் ஆகியவற்றிலோ அருகிலோ இல்லாவிட்டால், 1972 மோதல் தவிர்ப்பு விதிகள் விலக்களிக்கின்றன. விளக்கின் விலையோ அற்பம், போட்டுவிடுங்கள்.

ஸ்னபர் என்றால் என்ன, அது இல்லாமல் கிளட்சை இறுக்கிவிட்டால் போதாதா?

10 அல்லது 12 மி.மீ. நைலோன் கயிறு 6 முதல் 8 மீற்றர், ஒரு முனையில் சங்கிலிக் கொக்கி. கொக்கியைச் சங்கிலியில் மாட்டி, மறுமுனையை கிளீற்றில் (தட்டில் கயிறு கட்டும் கொம்பு) கட்டி, ஸ்னபர் இறுகும்வரை இன்னும் கொஞ்சம் சங்கிலி விடுகிறீர்கள். அணியத்தில் சங்கிலி தளர்ந்து தொங்க வேண்டும்.

இது இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் படகின் முழு உதறலும் விண்ட்லாஸின் தண்டுக்கும் பல்சக்கரங்களுக்கும் போகும். மோட்டார் நின்றிருந்தாலும் தண்டு வளையலாம், பெயரிங் உடையலாம், தட்டுப் போல்ற் தளரலாம். வெளிக்கடலில் சோழக அலை அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்போது சில மணி நேரம் போதும். பழுதுபார்க்க வரும் வளைந்த தண்டுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவையே.

தூக்கும் முறை?

எஞ்சினைக் கிளப்புங்கள், ஸ்னபரைக் கழற்றுங்கள், படகை மெதுவாக நங்கூரத்தை நோக்கி ஓட்டுங்கள். சங்கிலி தளர்ந்து தொங்கும்போது மட்டும் சுவிச்சை அழுத்துங்கள்; இறுகினால் விட்டுவிட்டு, எஞ்சினால் இன்னும் முன்னே வாருங்கள். ஒருவர் அணியத்தில், ஒருவர் ஸ்டியரிங்கில் என்றால் சத்தம் போடாமல் கையால் காட்டுவது நல்லது. எஞ்சின் இரைச்சலில் "நிற்பாட்டு" என்பது "நீட்டு" என்றும் கேட்கலாம்.

சங்கிலி நேர் கீழே நின்றதும் கிளீற்றில் பிடித்துக் கட்டுங்கள். அலையோ எஞ்சினின் சிறு தள்ளலோ நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். பிறகு மிச்சத்தை விண்ட்லாஸால் எடுங்கள். களனி முகத்துக்கு அருகே சேறும் பொலித்தீனும் வலைத் துண்டும் சேர்ந்து வரும். அணியத்தில் சங்கிலி ஏறிவரும் ரோலருக்குள் இழுக்குமுன் நிறுத்தி வாளியால் கழுவுங்கள். கடைசி ஒரு மீற்றரைச் சுவிச்சைத் தட்டித் தட்டி ஏற்றுங்கள். வேகமாக வந்த நங்கூரம் ரோலரில் மோதினால் பைபரும் போகும், தண்டும் போகும்.

சால்வை, தளர்ந்த சட்டைக் கை, விரல் மோதிரம் எதுவும் ஓடும் சங்கிலிக்கு அருகில் கூடாது. வேலை முடிந்ததும் நங்கூரத்தைக் கயிற்றால் கட்டி, மெயின் சுவிச்சை அணையுங்கள். பிள்ளைகள் கால் சுவிச்சில் மிதிப்பது நடக்கிற காரியம்.

நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. விண்ட்லாஸால் இழுக்கலாமா?

இழுத்தால் பிரேக்கர் விழும், அல்லது அணியம் தாழும். கல்கிசைக்கு வெளியே போன்ற பாறைத் திட்டுகளில் இது வழக்கம். சங்கிலியைக் கிளீற்றில் கட்டி, முதலில் கிடந்த திசைக்கு நேர் எதிராக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரிய அலையில் இதைச் செய்யாதீர்கள்; சங்கிலி நிலைக்குத்தாக இறுகியிருக்கையில் அலை எழும்பினால் படகின் அணியம் நீருக்குள் இழுபடும்.

பாறை நிலம் என்று முன்கூட்டியே தெரிந்தால், நங்கூரத்தின் கொண்டையில் (தண்டும் கைகளும் சேரும் இடம்) 8 மி.மீ. கயிறு ஒன்றை ஆழத்தைவிட 2 மீற்றர் கூடுதலாக விட்டு, முனையில் மிதவை கட்டுங்கள். மாட்டினால் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

சுவிச்சை அழுத்தினால் "டிக்" என்கிறது, சுற்றவில்லை.

சொலனொயிட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மல்டிமீற்றரை எடுத்து, ஒருவர் சுவிச்சை அழுத்திப் பிடிக்க, முதலில் பற்றரி முனைகளில் அளவுங்கள். அங்கேயே 11 வோல்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி வடிந்துவிட்டது அல்லது பழுது. பற்றரியில் 12.2, மோட்டார் முனையில் 9.8 என்றால் 2.4 வோல்ற் வழியில் எங்கோ தொலைகிறது. அப்போது ஒவ்வொரு இணைப்பாகப் பிடியுங்கள்: மல்டிமீற்றரின் ஒரு முள்ளை வயர் முனைக் கொக்கியிலும் மற்றதை அது இறுக்கிய போல்றிலும் வைத்து, சுமையோடு அளவுங்கள். 0.2 வோல்றுக்கு மேல் காட்டும் இணைப்பைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள். கையால் தொட்டால் சுடும் நட்டு பெரும்பாலும் அதுவே. எல்லா இணைப்பும் சரி, சொலனொயிட்டின் உள்ளே போகும் முனைக்கும் வெளிவரும் முனைக்கும் இடையே வோல்ற் தொலைகிறது என்றால் உள் தொடுகைகள் கருகியிருக்கின்றன, பெட்டியை மாற்றுங்கள்.

"டிக்"கும் இல்லை என்றால் பிரேக்கர், மெயின் சுவிச், கால் சுவிச் என்ற வரிசை. மோட்டார் சுற்றுகிறது, சங்கிலி நிற்கிறது என்றால் கிளட்ச் தளர்ந்துள்ளது அல்லது கிளட்ச் கூம்பில் கிறீஸ் கூடிவிட்டது.

தானாகவே ஓடத் தொடங்கியது. ஏன்?

உடனே மெயின் சுவிச்சை அணையுங்கள், காரணம் பிறகு. இரண்டில் ஒன்று: சொலனொயிட் தொடுகை ஒட்டிப்போனது, அல்லது கால் சுவிச்சின் றப்பர் மூடி வெயிலில் வெடித்து உப்புநீர் இறங்கியது. றப்பர் மூடி மலிவான சாமான். விரலால் அழுத்தும்போது மயிர்க்கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

சங்கிலி பெட்டிக்குள் கோபுரமாகக் குவிந்து அடைபடுகிறது.

முழுச் சங்கிலியும் உள்ளே வந்த பிறகும் குவியலின் உச்சிக்கும் தட்டுக்கும் இடையே 30 செ.மீ. வெளி வேண்டும். இல்லாவிட்டால் யாராவது கையால் தள்ள வேண்டிவரும். அப்போது சுவிச்சை விட்டுவிட்டுத்தான் தள்ள வேண்டும். பெட்டியின் அடி அகலமாக இருந்தால் குவியல் சரிந்து பரவ இடமிருக்கும். பெட்டி ஆழமாக இருக்கும் படகுகளில் ஒடுக்கமான பெட்டியே நல்லது, சங்கிலி தன்பாட்டில் அடுக்காக இறங்கும்.

சங்கிலியின் கடைசி முனையை ஷாக்கிளால் பூட்டாதீர்கள். தட்டுக்கு மேலே எட்டக்கூடிய நீளத்தில் கயிற்றால் கட்டுங்கள், அவசரத்தில் கத்தியால் வெட்டிவிடலாம்.

பராமரிப்பு எப்படி? சோழகத்தில் படகு கரையில் கிடக்கிறதே.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரால் சங்கிலியையும் விண்ட்லாஸையும் கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜிப்ஸியைக் கழற்றி, தண்டைத் துடைத்து மரைன் கிறீஸ், கிளட்ச் கூம்பில் ஒரு மெல்லிய பூச்சு மட்டும். எண்ணெய் உள்ள கியர்பெட்டி என்றால் பார்வைக் கண்ணாடியைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அலுமினிய உடலில் எஃகு போல்ற் போகும் இடங்களில் அரிப்புத் தடுப்புப் பசை பூசாவிட்டால் இரண்டு பருவத்தில் போல்ற் கழற்ற வராது.

மே முதல் செப்டெம்பர் வரை படகு ஏற்றிக் கிடக்கும் மாதங்கள்தான் மோட்டாருக்கு மோசமான காலம். ஓடாத மோட்டாரின் உறையில் பூச்சுக்கு அடியில் துரு கொப்பளிக்கும், பிரஷ் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பற்றரியை இணைத்து, கிளட்சைத் தளர்த்திவிட்டு, மேலும் கீழுமாக அரை நிமிடம் சுற்றவிடுங்கள். மின்முனைகளில் வாஸ்லீன் அல்லது லனோலின் பூசுங்கள்.

நடுக்கடலில் மின்சாரம் போனால்?

கிளட்சை இறுக்கி, ஹாண்டிலால் கையாலேயே ஏற்றும் வசதி சில மொடல்களில் உண்டு, சிலவற்றில் கிடையாது, வாங்குமுன் கேளுங்கள். ஹாண்டில் அணியத்திலேயே கட்டியிருக்கட்டும், பின்னால் மீன் பெட்டிக்கு அடியில் அல்ல. ஹாண்டில் இல்லாதபோது 8 மீற்றர் கயிறும் சங்கிலிக் கொக்கியும் போதும்: கொக்கியை ரோலருக்கு அருகே சங்கிலியில் மாட்டி, கயிற்றைப் பின்பக்கம் இழுத்துக் கட்டி, வந்த சங்கிலியைக் கிளீற்றில் பிடித்து, கொக்கியை மீண்டும் முன்னே கொண்டுபோய் மாட்டுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு மீற்றர் வரும். நேரம் எடுக்கும், ஆனால் இருவர் இருந்தால் 30 மீற்றரையும் எடுத்துவிடலாம். அலை பெரிதென்றால் மெனக்கெடாமல் சங்கிலி முனையில் மிதவையைக் கட்டி, அந்த முனையைப் படகோடு பிடித்திருக்கும் கயிற்றை வெட்டிவிட்டு, இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். கடல் இறங்கிய பிறகு போய் எடுக்கலாம்.